பதிவு உண்மையைச் சொல்லட்டும்: பள்ளி இசைக்குழு இடத்தேர்வுக்குத் தயாராவது எப்படி?



ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்ம ஞாயிற்றுக்கிழமை இசை வகுப்பில் ஒரே கேள்வி பல வாயிலிருந்து வரும். "அண்ணா, பள்ளிக்கூடத்துல ஒரு ரெக்கார்டிங் அனுப்பச் சொல்லியிருக்காங்க. என்ன வாசிக்கிறது? எப்படிப் பதிவு செய்றது?" சிலர் உயர்நிலை 1-இல் இணைப்பாட நடவடிக்கையாக இசைக்குழுவில் சேரப் போகிறவர்கள். இன்னும் சிலர் ஏற்கெனவே குழுவில் இருந்து, அடுத்த ஆண்டு எந்தப் பகுதியில் உட்காரப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பவர்கள்.

நான் இப்போது பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்து கர்நாடக வயலின். உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டு மேற்கத்திய தந்தி இசைக்குழுவில் செகண்ட் வயலின். இந்த இரண்டும் தெரிந்தவன் என்பதால் பதிவு வேலை எல்லாம் என்னிடம் வந்து சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இந்த மாதம் ஒரு பாடமாக எழுதிவிடுகிறேன்.

1. முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ளுங்க

போட்டி வேறு, இடத்தேர்வு வேறு. போட்டியில் நடுவர் கேட்பது, "யார் சிறந்தவர்?" இடத்தேர்வில் பயிற்றுவிப்பாளர் கேட்பது, "இந்தப் பிள்ளையை எங்கே உட்கார வைத்தால் பிள்ளையும் வளரும், குழுவும் நன்றாக ஒலிக்கும்?" உங்க பதிவு இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்.

சிங்கப்பூர் இளையர் விழா 1967-இல் தொடங்கியது. அதன் கலைப் படைப்புகளில் மதிப்பிடப்படுவது குழுவின் மொத்த ஒலி. முதல் வரிசையில் ஒருவர் பிரமாதமாக வாசித்து, பின்வரிசையில் நான்கு பேர் சுருதி தவறினால், சபைக்குக் கேட்பது அந்தத் தவறிய சுருதிதான். அதனால்தான் பயிற்றுவிப்பாளர் ஒவ்வொருவரின் உண்மையான நிலையும் தெரிந்துகொள்ள நினைக்கிறார்.

அவர் பதிவில் கவனிப்பவை பெரும்பாலும் இவைதான்:

- சுருதி சுத்தமாக இருக்கிறதா?
- தாளம் ஒரே வேகத்தில் நிற்கிறதா?
- நாதம் தெளிவாக, தடிப்பாக வருகிறதா?
- மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் மெதுவாகவும், பலமாக வாசிக்க வேண்டிய இடத்தில் பலமாகவும் வாசிக்க முடிகிறதா?
- கொடுத்த குறிப்பில் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறாரா?

கடைசி வரியை இரண்டு முறை படியுங்க. நம்ம பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான்.

எங்க வகுப்புத் தங்கை ஒருத்தி ஆறு வருடம் கர்நாடக வயலின் படித்தவள். பள்ளி கேட்டது ஒரு டி மேஜர் ஸ்கேலும் பன்னிரண்டு வரி இசைப் பகுதியும். அவள் அந்த இரண்டையும் அவசரமாக வாசித்துவிட்டு, தனக்குப் பிடித்த ஒரு கீர்த்தனையை ஐந்து நிமிடம் கமகத்தோடு வாசித்து அனுப்பினாள். கீர்த்தனை அருமை. ஆனால் கேட்ட ஸ்கேலில் ஒவ்வொரு சுரமும் அசைந்துகொண்டே இருந்தது. கேட்பவருக்கு அது கமகமா, சுருதி தெரியாத தடுமாற்றமா என்று எப்படித் தெரியும்? அவளைத் தொடக்கநிலைக் குழுவில் போட்டுவிட்டார்கள். வில் பிடிக்கவே தெரியாதவர்களுடன் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தாள். "நம்ம சங்கீதத்துக்கு இங்க மதிப்பே இல்லண்ணா, நான் நின்னுடறேன்" என்றாள்.

மதிப்பு இல்லாமல் இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு அந்தப் பதிவில் பதில் இல்லை. ஆறு வருட உழைப்பு அங்கே கேட்கவே இல்லை. இந்தப் பாடத்தை நான் எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

2. நம்மிடம் இருப்பதை அவர்கள் மொழியில் சொல்வது

கர்நாடக இசை தெரிந்த பிள்ளைக்கு மேற்கத்திய குழு அந்நிய வீடு கிடையாது. வயலினே அங்கிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியக் கலைஞரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதரே அந்தக் காலத்தில் கேட்ட ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். எல்லாமே சங்கராபரணத்தில் அமைந்தவை, கமகம் இல்லாதவை. நீங்க வகுப்பில் நோட்டுஸ்வரம் படித்திருந்தால், மேஜர் ஸ்கேலில் வாசிப்பது உங்களுக்குப் புதிதே இல்லை.

ஸ்கேல்களுக்கு நம்ம பெயர்களை வைத்துக்கொண்டால் பயம் போய்விடும்:

- மேஜர் ஸ்கேல்: சங்கராபரணம், 29-ஆவது மேளம்.
- நேச்சுரல் மைனர்: நடபைரவி, 20-ஆவது மேளம்.
- ஹார்மோனிக் மைனர்: கீரவாணி, 21-ஆவது மேளம்.
- மெலடிக் மைனர் ஏறும்போது: கௌரிமனோகரி, 23-ஆவது மேளம். இறங்கும்போது அது நடபைரவியாக மாறிவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நாம் சரளி வரிசை பழகுவது மாயாமாளவகௌளையில். விரல் அந்த ரி, த இடங்களுக்குப் பழகிவிட்டிருக்கும். ஆகவே அதே சரளி வரிசையை இரண்டு வாரம் சங்கராபரணத்தில், கமகமே இல்லாமல், ஒவ்வொரு சுரத்தையும் கோடு போட்டதுபோல் நேராகப் பிடித்து வாசியுங்க.

*வயலின்காரர்களுக்கு*

நாம் நான்கு கம்பிகளையும் ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம். மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-ஈ. அங்கே ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடையில் ச-ப தூரம்தான். அதனால் டி மேஜருக்கு டி கம்பியை 'ச' என்றும் ஏ கம்பியை 'ப' என்றும் நினைத்துக்கொண்டால், ச ரி க ம ஒரு கம்பியில், ப த நி ச அடுத்த கம்பியில். விரல் இடம் நம்ம வகுப்பில் பழகியதேதான்.

வித்தியாசம் நடுவில் வருகிறது. நம்ம முறையில் தடித்த கம்பியிலிருந்து எண்ணினால் இரண்டாவது கம்பி 'ப', மூன்றாவது 'ச'. அவர்கள் முறையில் ஜி மேஜர் வாசித்தால் மூன்றாவது வெறுங்கம்பி 'ரி' ஆகிவிடும். இரண்டு ஸ்தாயி ஜி மேஜர் ஸ்கேலில் நம்ம பிள்ளைகள் தடுமாறுவது சரியாக அந்தக் கம்பி மாறும் இடத்தில். அதை மட்டும் தனியாகப் பத்து நாள் பழகுங்க.

இன்னொன்று. நம்ம சேர்க்கையில் கம்பி பொதுவாகத் தளர்வாக இருக்கும். அதே வயலினை ஜி-டி-ஏ-ஈ-க்கு ஒரே நாளில் ஏற்றினால் கம்பி அறுந்துபோகலாம், பிரிட்ஜ் சாய்ந்துபோகலாம். புதிய கம்பி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சில நாள் நிலைபெற விடுங்க. முடிந்தால் அதற்கென வேறொரு வயலினை இரவல் வாங்கிக்கொள்வது நல்லது. குருவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்க.

உட்காரும் முறையும் மாறும். தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும்போது இடது கைக்குப் பாரம் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து தாடைக்கும் தோளுக்கும் இடையே பிடிக்கும்போது தோள் வலிக்கும். ஷோல்டர் ரெஸ்ட் பொருத்தி, தினமும் பத்து பத்து நிமிடமாகக் கூட்டுங்க.

*மிருதங்கக்காரர்களுக்கு*

பேண்டில் நீங்க தாளவாத்தியப் பகுதிக்குத்தான் போவீங்க. ஸ்னேர் டிரம், பாஸ் டிரம், டிம்பனி, சைலோபோன் என்று பல கருவிகள் அங்கே உண்டு. உங்க பலம் லயம். ஆதி தாளத்தின் 8 அட்சரம் அவர்களுக்கு நான்கு-நான்கு என்று இரண்டு பார். ஓர் அட்சரத்துக்கு நான்கு சொல் விழும் சதுச்ர நடை அவர்களுடைய பதினாறாம் பங்குச் சுரங்கள். திச்ர நடை அவர்களுடைய டிரிப்லெட். மிச்ர சாபு அவர்களுடைய ஏழு-எட்டு. இவ்வளவும் உங்க உடம்பில் ஏற்கெனவே ஊறியிருக்கிறது.

குறை இரண்டுதான்: குச்சி பிடிக்கும் பழக்கம், ஐந்து கோட்டுக் குறியீட்டைப் படிக்கும் பழக்கம். குறியீட்டில் ஒரு வரியை எடுத்து, முதலில் கையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொற்கட்டாகச் சொல்லுங்க. பிறகு பயிற்சிப் பலகையில் குச்சியால் அடியுங்க. வாய் சொன்னதைக் கை தானே பிடித்துக்கொள்ளும். பள்ளி அனுமதித்தால் கேட்டதையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் அரை நிமிடம் மிருதங்கம் சேர்க்கலாம். கேட்டதற்குப் பதிலாக அதை அனுப்பக்கூடாது.

*பாடுகிறவர்களுக்கு*

தேவார வகுப்பில் "எனக்கு ஐந்து கட்டை" என்று சொல்லிப் பழகியிருப்பீங்க. 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. பாடகர் குழுவின் பயிற்றுவிப்பாளர் கேட்பது உங்க ஆதார சுருதியை இல்லை. எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம் வரை சிரமம் இல்லாமல் பாட முடியும் என்பதையே அவர் கேட்கிறார். ஒரு கீபோர்டு வைத்து அதைக் கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்க.

3. நான்கு வாரத் திட்டம்

*முதல் வாரம்:* பள்ளி அனுப்பிய தாளைத் தேர்வுக் கேள்வி மாதிரி படியுங்க. எத்தனை பகுதி? எந்த வேகம்? ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டுமா, பகுதி பகுதியாகவா? முகம் தெரிய வேண்டுமா? மெட்ரோனோம் ஒலி பதிவில் இருக்கலாமா? பதில் தெரியாத கேள்வியை ஆசிரியரிடம் இப்போதே கேளுங்க. கடைசி நாள் கேட்டால் பதில் வராது.

*இரண்டாம் வாரம்:* மெட்ரோனோமை 60-இல் வைத்து, கேட்ட வேகத்தை மறந்துவிட்டு, சுத்தமாக வாசியுங்க. மூன்று முறை தொடர்ந்து பிசகாமல் வந்தால் மட்டும் 4 கூட்டுங்க. ஒரு முறை பிசகினால் 4 குறையுங்க. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியாது.

*மூன்றாம் வாரம்:* தினமும் ஒரு மாதிரிப் பதிவு. வாசித்தவுடன் கேட்காதீங்க. கருவியை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, பிறகு கேளுங்க. ஒரு தடவை சுருதியை மட்டும் கவனியுங்க. இன்னொரு தடவை தாளத்தை மட்டும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்க நினைத்தால் "நல்லா இல்ல" என்பது தவிர வேறொன்றும் தெரியாது. "மூன்றாம் வரியில் வேகம் கூடுது" என்று எழுதினால் அதைத் திருத்தலாம். "நல்லா இல்ல" என்பதைத் திருத்த முடியாது.

*நான்காம் வாரம்:* உண்மையான பதிவு. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்க.

எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற உரிமை உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், என் அளவுகோல் இது: தூக்கம் இல்லாத நாளில், தலைவலி இருக்கும்போதும் உங்களால் நன்றாக வாசிக்க முடிந்த பாட்டு. நல்ல நாளில் மட்டும் வரும் கடினமான பாட்டைப் பதிவு கண்டுபிடித்துவிடும்.

4. கைப்பேசியில் நல்ல பதிவு: ஒரு பொறியியல் மாணவன் சொல்வது

விலையுயர்ந்த மைக் தேவையில்லை. கைப்பேசி போதும். ஆனால் கைப்பேசி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க. அது மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு மெல்லியதானால் தானாகவே ஒலியைக் கூட்டும், உரத்துப் பேசினால் குறைக்கும், சீராக ஓடும் ஒலியை இரைச்சல் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். நீங்க மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாகப் பெருக்கி வாசித்ததை அது ஒரே மட்டமாக்கிவிடலாம். வயலினின் நீண்ட கார்வையைக் குரல் அல்லாத இரைச்சல் என்று மங்கச் செய்யலாம். ஆகவே கைப்பேசி அமைப்பில் இரைச்சல் நீக்கம், குரல் மேம்பாடு போன்றவை இருந்தால் அணைத்துவிடுங்க.

*தூரம்:* மிக அருகில் வைத்தால் பலமான சுரங்களில் ஒலி கிழியும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். குடத்தில் கொள்ளளவுக்கு மேல் நீர் ஊற்றினால் வழிவதுபோல, மைக் தாங்கும் அளவுக்கு மேல் போன ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். பிறகு ஒலியைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பி வராது. மிகத் தூரத்தில் வைத்தால் அறையின் எதிரொலிதான் கேட்கும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். அறையில் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது, ஆனால் தெளிவு குறையும். 1.5 முதல் 2 மீட்டர் தூரத்தில், நெஞ்சு உயரத்தில் ஆரம்பித்துப் பாருங்க. உங்க பாட்டின் மிகப் பலமான இடத்தை முதலில் வாசித்துச் சோதியுங்க. அது கிழியாவிட்டால் மற்றதும் கிழியாது.

*அறை:* வீவக வீட்டில் நல்ல ஒலிப்பதிவு அறை உங்க படுக்கையறைதான். மெத்தை, திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி எல்லாம் எதிரொலியை உறிஞ்சும். குளியலறையில் வாசித்தால் காதுக்கு இனிமையாக இருக்கும், ஆனால் தவறும் சரியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கீழே வெற்றுத்தளத்தில் வாசித்தால் கான்கிரீட் முழுவதும் உங்களுடன் சேர்ந்து பாடும். கோயில் மண்டபமும் அப்படித்தான். நாதஸ்வரத்துக்குப் பொருந்தும் இடம், பதிவுக்குப் பொருந்தாது.

*இரைச்சல்:* மின்விசிறியை நிறுத்துங்க. கைப்பேசியை விமான முறையில் வையுங்க. பக்கத்து வீட்டில் புதுப்பிப்பு வேலை நடந்தால் மாலை வரை காத்திருங்க. விடிகாலையில் பதிவு செய்யலாம் என்று நினைத்தால் குயில் உங்களுக்கு முன்பே எழுந்து கச்சேரியைத் தொடங்கியிருக்கும். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்க. "அம்மா, இருபது நிமிஷம் மிக்ஸி வேணாம்" என்று ஒரு வார்த்தை போதும்.

*சுருதி:* பொதுவாக ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். 1975-இல் வந்த ஐஎஸ்ஓ 16 தரமும் இதைத்தான் சொல்கிறது. சில குழுக்கள் 442 வைத்துக்கொள்ளும். பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்க. ஒருவர் 440, பக்கத்தில் இருப்பவர் 438 என்றால் இரண்டும் சேரும்போது ஒலி நொடிக்கு 2 முறை ஏறி இறங்கி அலையடிக்கும். அந்த அலையைத்தான் நாம் "சுருதி சேரல" என்கிறோம். குளிர்சாதன அறையில் வாசிப்பதாக இருந்தால் கருவியைக் கால் மணி நேரம் அங்கேயே வைத்துவிட்டு, பிறகு சேருங்க. வெளியில் சேர்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனால் மாறிவிடும். மின்னணுத் தம்புராவைச் சுருதி சேர்க்க மட்டும் பயன்படுத்துங்க. பள்ளி கேட்காதவரை பதிவில் அது ஒலிக்க வேண்டாம்.

*மெட்ரோனோம்:* காதில் போட்டுக்கொண்டு வாசிக்கலாம் என்று பள்ளி சொன்னால், கம்பியுள்ள காதொலிப்பானை ஒரு காதில் மட்டும் போடுங்க. புளூடூத் வேண்டாம். புளூடூத்தில் ஒலி வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல் தாமதமாகும். வேகம் 120 என்றால் ஒரு தட்டு அரை நொடி. அதில் நான்கு சொல் வாசித்தால் ஒரு சொல்லுக்கு 0.125 நொடிதான். பின்னணி இசை ஒரு கருவியில் ஓடி, பதிவு இன்னொன்றில் நடந்தால், நீங்க காதில் கேட்டபடி சரியாக வாசித்தும் பதிவில் ஒரு முழுச் சொல் அளவுக்குப் பின்தங்கியிருப்பீங்க.

*காட்சி:* கைப்பேசியைப் படுக்கைவாட்டில் வையுங்க. இரண்டு கையும், வில் முழுவதும், முகமும் தெரியட்டும். குறிப்பு வைக்கும் ஸ்டாண்டு முகத்தை மறைக்கக்கூடாது. கைப்பேசியை அந்த ஸ்டாண்டின் மேலேயே வைத்தால் தாள் திருப்பும் சத்தம் இடிபோல் கேட்கும். சாமி படமும் சலவைத் துணியும் பின்னால் இருந்தால் தவறில்லை, ஆனால் வெறும் சுவர் இருந்தால் பார்ப்பவர் கவனம் உங்க கையில் நிற்கும்.

*அனுப்புவது:* வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் காணொளி சுருக்கப்பட்டு ஒலியின் தரம் குறையும். பள்ளி கொடுத்த இணைப்பில் மூலக் கோப்பையே ஏற்றுங்க. கோப்புக்கு உங்க பெயர், வகுப்பு, கருவி என்று பெயர் வையுங்க. ஏற்றிய பிறகு ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்க.

5. மூன்று தடவை போதும்

பதிவு நாளன்று முழுப் பாட்டையும் மூன்று தடவை பதிவு செய்யுங்க. இடையில் பத்து நிமிட ஓய்வு. அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்க. அவ்வளவுதான்.

நேரில் வாசித்தால் ஒரு வாய்ப்புத்தான். பதிவில் முப்பது வாய்ப்பு உண்டு என்பதே ஒரு பொறி. இருபதாவது தடவையில் கை சோர்ந்து, தோள் இறுகி, முதல் தடவையில் இருந்த உயிர் போயிருக்கும். கடைசியில் "எது நல்லது?" என்று உங்களுக்கே தெரியாது.

வெட்டி ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாவது பதிவின் தொடக்கத்தையும் மூன்றாவதின் முடிவையும் சேர்ப்பது இன்றைக்கு ஐந்து நிமிட வேலை. சுருதியைத் திருத்தும் செயலியும் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. என்னிடம் கேட்டால் செய்து தரமாட்டேன் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். காரணம் அறவுரை மட்டுமில்லை. இடத்தேர்வு என்பது ஓர் அளவீடு. ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியை விரலால் தேய்த்துச் சூடாக்கி அளவு காட்டினால் அந்த எண்ணை வைத்துச் செய்யும் அடுத்த வேலை எல்லாம் தப்பாகும். இங்கே அடுத்த வேலை உங்க ஒரு முழு ஆண்டு. ஒட்டிய பதிவால் முதல் வரிசை கிடைத்தால், ஒவ்வொரு வாரமும் இரண்டு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, உங்களால் வாசிக்க முடியாததை வாசிப்பதுபோல் வில்லை மட்டும் அசைத்துக்கொண்டிருக்க வேண்டிவரும். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியும். அவர் சொல்லமாட்டார். அதைவிடக் கஷ்டம் வேறில்லை.

நேர்மையான பதிவு குறையையும் காட்டும். காட்டட்டும். குறை தெரிந்த பயிற்றுவிப்பாளர்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

6. முடிவு வந்த பிறகு

செகண்ட் வயலின் என்றால் இரண்டாம் தரம் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். நான் நான்கு ஆண்டு அங்கே உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் வயலின் மெட்டைக் கொண்டுபோகும். நடுவில் இருக்கும் சுரங்களையும் தாளத்தின் துடிப்பையும் பெரும்பாலும் நாங்கள்தான் பிடித்திருப்போம். மெட்டு இல்லாததால் கவனம் முழுவதும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதில் இருக்கும். கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு இந்த அருமை தெரியும்.

நினைத்ததைவிடக் கீழே வைத்துவிட்டார்கள் என்றால் என்ன செய்வது? கோபத்தில் நிற்காதீங்க, மௌனமாகவும் இருக்காதீங்க. ஒரு வாரம் கழித்துப் பயிற்றுவிப்பாளரிடம் மரியாதையாகக் கேளுங்க: "அடுத்த நிலைக்கு நான் எதைச் சரிசெய்ய வேண்டும்? மறுபடி எப்போது கேட்பீர்கள்?" இரண்டு கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும்.

முன்பு சொன்ன அந்தத் தங்கை நின்றுவிடவில்லை. இந்த இரண்டு கேள்வியைத்தான் போய்க் கேட்டாள். "ஸ்கேலை அசைக்காமல் வாசி, குறிப்பைப் பார்த்து வாசி" என்று பதில் வந்தது. ஜூன் விடுமுறை முழுவதும் சங்கராபரண சரளி வரிசைதான். விடுமுறைக்குப் பிறகு நேரில் வாசித்துக் காட்டினாள், இடம் மாறியது. கீர்த்தனையை அவள் விடவில்லை. நவராத்திரிக்கு எங்க வகுப்பு மேடையில் அதே கீர்த்தனையை, கமகம் எல்லாம் சேர்த்து வாசித்தாள். ஒரே கைக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பது அவளுக்கு இப்போது பலம்.

இந்த மாதப் பயிற்சி

1. உங்க கருவியில் ஒரு சங்கராபரண ஆரோகண அவரோகணத்தை 60 வேகத்தில், கமகம் இல்லாமல் பதிவு செய்யுங்க. மறுநாள் கேட்டு, சுருதி விலகிய சுரங்களை எழுதுங்க.
2. அதே அறையில் கைப்பேசியை அரை மீட்டர், 1.5 மீட்டர், 3 மீட்டர் தூரங்களில் வைத்து மூன்று பதிவு செய்யுங்க. எது தெளிவு? ஏன்?
3. வகுப்பு நண்பரின் பதிவைக் கேட்டு, பயிற்றுவிப்பாளராக உங்களை நினைத்துக்கொண்டு மூன்று வரி எழுதுங்க. பாராட்டு ஒன்று, குறை ஒன்று, இடம் எது என்பது ஒன்று.

கலந்து பேச

- "நான் எவ்வளவு நன்றாக வாசிப்பேன்" என்று காட்டுவதும், "நான் இப்போது எங்கே இருக்கிறேன்" என்று காட்டுவதும் ஒன்றா?
- நம் வகுப்பில் கற்ற எது பள்ளிக் குழுவுக்கு உதவும்? பள்ளிக் குழுவில் கற்ற எது நம் வகுப்புக்கு உதவும்?

அடுத்த ஞாயிறு உங்க பதிவுகளைக் கொண்டுவாங்க, சேர்ந்து கேட்போம். மிக்ஸி சத்தம் இருந்தாலும் பரவாயில்லை, அது மாதிரிப் பதிவுதானே!

வாழ்த்துகள்.